காலந் தாழ்த்த வாகை

கிரிக்கெட் ஆட்டம் எங்கேனும் ஒன்று நடைபெறின், அதில் எறியப்பட்ட பந்து ஒவ்வொன்றிற்கும் கணக்கு வைத்து ஓதுகின்ற நம் நாட்டுப் பத்திரிகைகள், கால்பந்தாட்டத்திற்கு நாலு வரி ஒதுக்குவதற்கும் எளிதில் மனமிரங்குவதில்லை. இரங்கிக் கொடுத்த நாலு வரியும் பெரும்பாலும் இங்கிலாந்து, ஸ்பெயின் முதலிய நாட்டுக் கழகங்களுக்கே போய்விடுகின்றன. இந்நிலையில், இந்தியக் கால்பந்தாட்டத்தின் இரண்டாம் படியாக விளங்கிய ஐ-லீக் போட்டியின் 2024-25 பருவத்தைக் குறித்து யாம் எழுதப் புகுவது நண்பர் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் அப்பருவம் எழுப்பிய வினா சிறியதன்று. வென்றவர் எவர் என்பதை எவர், எங்கே, எப்பொழுது முடிவு செய்தல் வேண்டும் என்பதே அவ்வினா. ஆடுகளத்திற் கால் வைத்தார் அனைவர்க்கும், பக்கத்தே நின்று கைகொட்டியவர்க்குங்கூட, அவ்வினாவில் உரிமையுண்டு.

அப்போட்டியின் வரலாற்றை அறியாதார் பொருட்டுச் சிறிது கூறுவோம். 1996-ஆம் ஆண்டில் தோன்றிய தேசியக் கால்பந்து லீக், 2007-ஆம் ஆண்டில் ஐ-லீக் என்னும் புதுப்பெயர் பூண்டது. பல்லாண்டுகள் இந்நாட்டின் தலைமைப் போட்டி அதுவே. 2014-ஆம் ஆண்டில் இந்தியன் சூப்பர் லீக் என்னும் செல்வத் தங்கை பிறந்தாள். பிறந்த சில ஆண்டுகளுக்குள் அக்காளைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டுத் தான் கூடத்தில் அமர்ந்தாள். 2022-23 பருவம் முதல் ஐ-லீக் முறைப்படியே இரண்டாம் படியாயிற்று. இழந்த பெருமைக்கு ஈடாக அதற்குக் கிடைத்தது ஒரேயொரு கதவு. முதலிடம் எய்தும் கழகம் ஒன்று மட்டும் அக்கதவின் வழியே மேற்படிக்கு ஏறலாம் என்பது ஏற்பாடு. அவ்வாறே 2023-இல் பஞ்சாப் கழகமும், 2024-இல் கல்கத்தாவின் பழம்பெருங் கழகமாகிய முகமதன் ஸ்போர்ட்டிங்கும் ஏறின. மேற்படியில் இருந்தோர் எவரும் கீழே இறங்கவில்லை. இறங்கவேண்டும் என்னும் விதி அவர்களுக்கு அந்நாளில் இருந்ததில்லை. ஏறுவோர்க்கு மட்டும் ஏணியின் படி ஒன்று, அதுவும் ஆண்டுக்கொருவர்க்கு. இக்குறுகிய கதவை மனத்திற் கொண்டாலன்றிப் பின்னே நிகழ்ந்த சச்சரவின் கடுமை விளங்காது.

தமிழ் மக்களுக்கு இதிலென்ன எனக் கேட்பாரும் உளர். 2019-ஆம் ஆண்டு மார்ச்சு 9-ஆம் நாள் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் நிகழ்ந்ததை அவர் மறந்தனர் போலும். அன்று சென்னை சிட்டி கழகம் மினர்வா பஞ்சாபை 3-1 என்னும் கணக்கில் வென்று, 43 புள்ளிகளோடு ஐ-லீக் வாகையைச் சூடிற்று. கோழிக்கோட்டில் அன்றே வென்ற ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகளோடு பின் நின்றது. ஒரு புள்ளியின் அருமையைத் தமிழ்நாடு அன்றே அறிந்தது. ஆனால் அவ்வாண்டு வென்றவர் ஏறுதற்குக் கதவில்லை. 2021-22 பருவத்தில் அக்கழகத்தின் பெயரே பட்டியலில் இல்லை. கதவு திறந்தபோது, புகுவதற்குரிய தமிழ்நாட்டுக் கழகம் ஒன்றும் அவ்வாசலில் நிற்கவில்லை. ஆதலால் 2024-25 பருவத்தை யாம் அயலார் போல் நின்று நோக்கினோம். அயலார்க்கு ஒரு நன்மையுண்டு. எப்பக்கமும் சாயாது பேசலாம்.

அப்பருவம் 2024-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் தொடங்கிற்று. கழகங்கள் 12, ஒவ்வொன்றிற்கும் ஆட்டங்கள் 22, ஆக மொத்தம் 132. ஸ்ரீநகரத்துக் குளிரிலும், ஷில்லாங், ஐஸ்வால் என்னும் மலையூர்களிலும், கோவாவின் ராயா கிராமப் பஞ்சாயத்துத் திடலிலும், கோழிக்கோட்டிலும் அவை நடைபெற்றன. பெருநகரங்களின் பேரரங்குகள் பெரும்பாலும் மேற்படியாரிடம் போய்விட்டமையால், இப்போட்டி சிற்றூர்களின் போட்டியாகவே ஆகிவிட்டது. அது குறையென்று யாம் கருதவில்லை. பஞ்சாயத்துத் திடலில் பந்துருளுங்கால் ஊரே வந்து கூடுகின்றது. அங்கே கூடுவோர் விளம்பரப் பலகையைக் காண வருவதில்லை.

இரு கழகங்களைப் பற்றி மட்டும் தனியே கூறுதல் வேண்டும். ஒன்று கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ். 1988-ஆம் ஆண்டில் தோன்றியது. 2008-09, 2012-13 ஆகிய பருவங்களில் நாட்டின் முதலிடத்தைப் பெற்றது. மற்றொன்று இன்டர் காசி. 2023-ஆம் ஆண்டில் தோன்றிய இளங்கழகம். வாரணாசியைத் தன் ஊராகக் கூறிக்கொண்டதேனும், சொந்த ஆட்டங்களை வங்காளத்துக் கல்யாணியில் ஆடிற்று. காசிக்குப் போனாலும் கருமம் தொலையாது என்பது நம்மவர் பழமொழி. இங்கோ கருமம் காசியைத் தேடிக் கல்யாணிக்கே வந்து சேர்ந்தது. அக்கழகத்தைப் பயிற்றியவர், இந்நாட்டில் முன்னரே பல வெற்றி கண்ட ஸ்பெயின் தேயத்து ஆன்டோனியோ ஹபாஸ்.

இனி, 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாளுக்கு வருவோம். பருவத்தின் இறுதி நாள் அது. அன்று காலை வெளியிடப்பட்டிருந்த பட்டியலில் சர்ச்சில் 39 புள்ளியும், கோகுலம் கேரளா 37 புள்ளியும், ரியல் காஷ்மீரும் இன்டர் காசியும் 36 புள்ளிகளும் பெற்றிருந்தன. 21 ஆட்டங்கள் கழிந்த பின்னும் நான்கு கழகங்கள் ஒரே மாலைப்பொழுதை நம்பி நின்றமை, எந்நாட்டு லீக்கிலும் எளிதிற் காணக்கூடிய காட்சியன்று. ஸ்ரீநகரத்தில் ரியல் காஷ்மீரும் சர்ச்சிலும் 1-1 எனச் சமநிலை எய்தின. கோழிக்கோட்டில் கோகுலம் மூன்று கோல் அடித்தும், டெம்போவின் நான்கு கோலுக்கு முன்னே தோற்றது. இன்டர் காசி ராஜஸ்தான் யுனைடெட்டை 3-1 என வென்றது. மாலை முடிவில் சர்ச்சில் 40, இன்டர் காசி 39. ரியல் காஷ்மீரும் கோகுலமும் 37. இவ்வளவில் கதை முடிந்திருக்குமாயின், ஓர் இனிய பருவத்தின் இனிய முடிவென்று யாமும் எழுதுகோலை மூடி வைத்திருப்போம்.

ஆனால் யார் வென்றார் என்பதை அன்று மாலை கூற எவர்க்கும் வாய் எழவில்லை. ஏனெனில், ஜனவரி 13-ஆம் நாள் இன்டர் காசிக்கும் பஞ்சாபின் நாம்தாரி கழகத்திற்கும் நிகழ்ந்த ஆட்டம் ஒன்று இன்னும் தீர்க்கப்படாமற் கிடந்தது. களத்தில் நாம்தாரி 2-0 என வென்றிருந்தது. ஆனால் நான்கு மஞ்சள் அட்டை பெற்று ஓர் ஆட்டம் விலகியிருக்கவேண்டிய அயல்நாட்டு ஆட்டக்காரர் ஒருவரை அவர்கள் அன்று களமிறக்கினர் என்பது இன்டர் காசியின் முறையீடு. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு அதனை ஏற்று, ஆட்டத்தை 3-0 என இன்டர் காசிக்கு அளித்தது. நாம்தாரி மேல்முறையிட்டது. மார்ச்சு மாத இறுதியில் மேல்முறையீட்டுக் குழு அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. மூன்று புள்ளிகள் அந்தரத்தில் தொங்கின. அவற்றைத் தொங்கவிட்டே இறுதி நாளாட்டங்களும் ஆடி முடிக்கப்பட்டன.

பின்னே நிகழ்ந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். அவற்றில் விளையாட்டின் மணமே இல்லை. ஏப்ரல் 18-ஆம் நாள் மேல்முறையீட்டுக் குழு இன்டர் காசிக்கு எதிராக முடிவு கூறிற்று. மறுநாள் சர்ச்சில் வாகையர் என அறிவிக்கப்பட்டது. இன்டர் காசி, சுவிட்சர்லாந்து தேயத்து லோசான் நகரத்திலுள்ள சர்வதேச விளையாட்டுத் தீர்ப்பாயத்தின் படியேறிற்று. ஏப்ரல் இறுதியில் அத்தீர்ப்பாயம் இடைக்காலத் தடை விதித்தது. ஜூன் மாதத்தில் நாம்தாரி வழக்கில் இன்டர் காசியின் பக்கம் தீர்ப்பாயிற்று. இதற்கிடையே வேறொரு வழக்கும் முளைத்திருந்தது. இன்டர் காசி தன் ஸ்பெயின் நாட்டு ஆட்டக்காரர் ஒருவரைப் பதிவிலிருந்து நீக்கிப் பின்னர் மீண்டும் பதிவு செய்தது விதிக்கு மாறானது எனச் சர்ச்சில், நாம்தாரி, ரியல் காஷ்மீர் ஆகிய மூன்று கழகங்களும் முறையிட்டன. உள்நாட்டு மேல்முறையீட்டுக் குழு அவ்வழக்கிலும் இன்டர் காசிக்கு மாறாகவே நின்றது. ஜூலை 18-ஆம் நாள் லோசான் அதனையும் தள்ளி, இன்டர் காசியே வாகையர் என அறிவிக்குமாறு கட்டளையிட்டது. 42 புள்ளி ஒருபால், 40 புள்ளி ஒருபால். இறுதிப் பந்து உதைக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணின் 103 நாட்கள்.

இத்தீர்ப்பைப் பற்றி மாணவரிடையே எழுந்த பேச்சுக்களை யாமும் கேட்டோம். களத்தில் வென்றவனே வென்றவன். கறுப்புச் சட்டை அணிந்தோர் கோல் அடிக்கலாமோ என்பது பெரும்பாலார் கூற்று. கேட்பதற்கு வீரம் நிறைந்ததாய் இருக்கின்றது. ஆயினும் எமக்கு உடன்பாடன்று. களம் என்பது வெறும் புல்லும் மண்ணும் அன்று. எல்லைக் கோடு, பதினொருவர் என்னும் எண், கையாற் பந்தைத் தீண்டலாகாது என்னும் கட்டுப்பாடு ஆகிய விதிகள் கூடியே களமாகின்றது. விலகியிருக்கவேண்டியவன் ஆடினான் எனின், ஆண்டு ஆடியது பதினொருவர் அல்லர். பதின்மரும் விதிமீறல் ஒன்றும். அவ்வாட்டத்தில் கண்ட 2-0 என்பது கணக்காகாது. ஆதலின் தீர்ப்பின் உள்ளடக்கத்தை யாம் குறைகூறவில்லை.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பியர் புறத்திணையியலில் போர் நிகழ்ச்சியைத் தும்பை எனவும், வென்றியை வாகை எனவும் பிரித்தோதினார். வாகையைப் போர்வென்றி ஒன்றற்கே உரிமையாக்காது, அவரவர் தத்தம் தொழிலில் மேம்படுதற்கும் உரியதாக்கினார். அவர் வகுத்த எழுவகையுள் பொருநர்க்குரிய வாகையும் ஒன்று. மிகுதியாக வேண்டும் என்பதோடு அவர் நில்லார். அம்மிகுதி கேடற்ற கோட்பாட்டின் வழிப்பட்டதாதல் வேண்டும் என்பதையும் உடன் வைத்தார். நாம் ஞாயிறுதோறும் கேட்கும் வேதத்திலும் இக்கருத்து உண்டு. பவுல் அப்போஸ்தலர் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், ஊழியத்திற்கு உவமை தேடுங்கால் மல்லாடும் வீரனையே எடுத்துக் காட்டி, முறைவழி ஆடாதவனுக்கு முடியில்லை என்னும் பொருள்பட உரைத்தார். ஆதலால் வாகைக்கு விதி வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை.

நிற்க. இவ்வளவு கூறிய பின்னும் அப்பருவம் முறையாக முடிந்தது என யாம் சொல்லோம். கெட்டது தீர்ப்பன்று, தீர்ப்பு வந்த காலம். இதனைச் சிலர் சிறு குற்றமாக எண்ணுகின்றனர். தாமதமாயினும் நீதி கிடைத்ததன்றோ என்று ஆறுதல் கூறுகின்றனர். அவர்கள் ஏப்ரல் 6-ஆம் நாளின் கணக்கைச் சற்று ஊன்றி நோக்குவாராக.

வெளியிட்ட பட்டியலின்படி சர்ச்சிலுக்கு 39. ஒரு சமநிலை கிடைத்தால் 40. கோகுலம் வென்றாலன்றி வேறெவரும் அவ்வெண்ணை எட்டவியலாது. ஆகவே சர்ச்சில் ஆட்டக்காரர்க்கு ஒரு புள்ளி பொன்னுக்கு நிகர். ஸ்ரீநகரத்தில் 1-1 என நிற்குங்கால், உயிரைப் பணயம் வைத்து இரண்டாவது கோலைத் தேடி ஓடுவது அறிவுடைமையாகாது. வாயிலைக் காத்து நிற்பதே அறிவுடைமை. ஆனால் மறைந்திருந்த மற்றொரு பட்டியலின்படி, நாம்தாரி ஆட்டத்தின் மூன்று புள்ளியும் சேர்ந்து, இன்டர் காசிக்கும் அன்று காலை 39. அது வென்றால் 42. அப்பட்டியலில் சர்ச்சிலின் சமநிலை செல்லாக்காசு. வென்றே தீரவேண்டும், வென்றாலும் இருவரும் 42-இல் சமமாவரேயன்றி மிஞ்சார். அவ்வாறெனின், முதற் பட்டியலை நம்பியவன் காத்து ஆடுவான். இரண்டாம் பட்டியலை அறிந்தவன் பாய்ந்து ஆடுவான். ஒரே மாலையில், ஒரே களத்தில், எப்பட்டியலை நம்பி ஆடுவது என்று அவ்விளைஞர்க்குச் சொல்வார் எவருமிலர்.

கோகுலத்தின் நிலையும் அத்தகையதே. முதற் பட்டியலின்படி தாம் வென்று சர்ச்சில் தோற்றால் 40 புள்ளியோடு வாகை தமதே. இரண்டாம் பட்டியலின்படி, இன்டர் காசி வென்றுவிடின், கோகுலம் நான்கு கோல் அடித்தாலும் நாற்பது கோல் அடித்தாலும் பயனில்லை. அன்று கோழிக்கோட்டுத் திரண்ட மக்கள் தங்கள் குரலை எதன்பொருட்டுச் செலவிட்டனர் என்பதை அவர்களுக்கே எவரும் கூறவில்லை. இரு பட்டியல் வைத்து ஓர் ஆட்டத்தை ஆடுவிப்பது, இரு எழுத்துக்கூட்டு வைத்து ஒரு சொல்லை எழுதுவிப்பது போலாம்.

பின்னர் வந்த நீதி இவற்றுள் எதனைத் திருத்தவல்லது? புள்ளியை மாற்றும், கோப்பையை மாற்றும். ஆனால் ஸ்ரீநகரத்துத் தொண்ணூறு நிமிடத்தை மீண்டும் ஆடச் செய்யுமோ? சர்ச்சில் அன்று பாய்ந்து ஆடியிருந்தால் வென்றிருக்கும் என யாம் சொல்லவில்லை, தோற்றுமிருக்கலாம். ஆனால் முயலும் உரிமை அவர்களுக்கு இருந்தது. அவ்வுரிமையைப் பறித்தது இன்டர் காசியுமன்று, லோசானுமன்று. ஜனவரி 13-ஆம் நாள் எழுந்த ஒரு சிறு வினாவை, ஆடத் தகுதியுடையவரா அல்லரா என்னும் வினாவை, ஏப்ரல் 6-ஆம் நாள் வரை தீர்க்காது விட்ட காலதாமதமே அதனைப் பறித்தது. பன்னிரண்டு வாரங்கள் போதாவோ?

களத்திற்கு வெளியே முடிவு செய்தல் என்பது எல்லாம் ஒரு தன்மைத்தன்று என்பதையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். இரண்டாம் படியின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பழைய சான்றுண்டு. இங்கிலாந்தில் 1914-15 பருவத்தோடு முதல் உலகப்போர் காரணமாக லீக் நின்றது. 1919-இல் மீண்டும் தொடங்குங்கால் முதற் பிரிவின் கழகங்கள் 20 என்பதை 22 ஆக்கினர். இரண்டாம் பிரிவில் முதலிரு இடங்கள் பெற்ற டெர்பி கவுண்டியும் பிரெஸ்டனும் ஏறின. எஞ்சிய ஓரிடத்திற்கு வாக்கெடுப்பு நடந்தது. மூன்றாமிடத்தினின்ற பார்ன்ஸ்லிக்கு 5 வாக்கு. முதற் பிரிவில் கடையிடத்தே நின்ற டாட்டனாமுக்கு 8. ஐந்தாமிடத்தினின்ற ஆர்சனலுக்கு 18. ஆர்சனல் ஏறிற்று. அங்கே விதியென ஒன்றுமில்லை. கூடியிருந்தோர் விருப்பமே விதி. அதனோடு லோசான் தீர்ப்பை ஒப்பிட்டு இரண்டும் அறைக்குள் நடந்தவையே எனப் பழிப்பது நேர்மையாகாது. லோசானில் இருந்தோர் முன்னரே எழுதப்பட்ட விதியைப் படித்துப் பொருள் கூறினர். எமக்கு வருத்தம் அவ்விதியைப் படிப்பதற்கு அத்துணைத் தொலைவும் அத்துணைக் காலமும் வேண்டியிருந்ததே என்பதுதான். (டாட்டனாம் அடுத்த பருவத்திலேயே இரண்டாம் பிரிவை வென்று மீண்டதையும் சொல்லிவிடுவோம். களத்தில் மறுமொழி கூறுதற்கு அவர்களுக்காவது வாய்த்தது.)

மேல்முறையீடு என்பது உரிமை. உரிமைக்குக் காலம் வேண்டும். லோசானை நாம் விரைவிக்கவியலுமோ என வினவுவார்க்கு ஒன்று கூறுவோம். அதே தீர்ப்பாயம் 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் முதலாக, ஒலிம்பிக் நடைபெறும் ஊரிலேயே தனிக்கிளை அமைத்து, வழக்கு வந்த 24 மணி நேரத்திற்குள் தீர்ப்புக் கூறி வருகின்றது. நூறு மீட்டர் ஓட்டத்தில் ஒருவன் தகுதியுடையவனா என்பதை ஒரு பகலிரவிற் காணக்கூடுமாயின், நாலு மஞ்சள் அட்டையை எண்ணுதற்கு ஆறு திங்கள் வேண்டுமோ? ஒலிம்பிக்கில் விரைவு வந்தது, விரைவு வேண்டும் என்று முன்னரே விதித்துக்கொண்டமையால். இங்கே அவ்வாறு விதித்தாரிலர்.

விதிப்பதும் அரிதன்று. ஆட்டத்தின் மேற்பார்வைக்கென ஒருவர் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் அனுப்பப்படுகின்றார். இரு கழகமும் பெயர்ப்பட்டியலைக் கொடுக்குமிடத்து, விலக்கப்பட்டோர் பெயர் அதில் உளதா என ஊதுகுழல் ஒலிக்கு முன்னரே அவர் நோக்கிவிடலாம். பதிவுகள் எல்லாம் கணிப்பொறியில் இருக்கும் இக்காலத்தில் இது கால்மணி நேர வேலை. அதனையும் தப்பி ஒருவன் ஆடிவிட்டால், தகுதி பற்றிய முறையீடு அடுத்த ஆட்டத்திற்கு முன் கேட்டு முடிக்கப்படல் வேண்டும். மேல்முறையீடு உள்ளிட்ட எவ்வழக்கும் இறுதி வாரத்திற்குச் சில நாட்கள் முன்பே முற்றுப்பெறல் வேண்டும். முற்றுப்பெறாவிடின் இறுதி வாரத்தைச் சிறிது தள்ளிவைத்தலே முறை. ஆட்டத்தைத் தள்ளிவைத்தால் அரங்க வாடகையும் ஒளிபரப்பு ஏற்பாடும் கெடும் என்பர். ஆம், கெடும். அச்செலவு, வென்றவர் யாரென அறியாது ஒரு நாட்டை மூன்று திங்களுக்கு மேல் காத்திருக்கச் செய்ததினும் பெரிதாமோ என்பதே எமது கேள்வி.

இத்துன்பத்தை உண்மையிற் சுமந்தவர் ஆட்டக்காரரே என்பதையும் மறத்தல் ஆகாது. கழக உரிமையாளர்க்கு வழக்கறிஞர் உண்டு. சம்மேளனத்திற்குக் குழுக்கள் பல உண்டு. இருபது வயதில் ஓராண்டு ஒப்பந்தத்தில் ஆடும் இளைஞனுக்கு என்ன உண்டு? தான் மேற்படிக்கு ஏறும் கழகத்தவனா, ஏறாத கழகத்தவனா என்பதை அறிந்தாலன்றி அடுத்த ஆண்டுக்கு எங்கே கையெழுத்திடுவது என்று அவன் துணியவியலாது. ஏப்ரலில் வாகையன் என்றனர். ஜூலையில் அல்லன் என்றனர். சர்ச்சிலில் ஆடியவன் எவனும் மஞ்சள் அட்டைக் கணக்கில் பிழை செய்யவில்லை. பதிவேட்டில் கை வைக்கவில்லை. அவன் பந்தை உதைத்தான், அவ்வளவே. அதே பருவத்தில் கடையிரு இடங்களில் நின்று கீழிறங்கிய தில்லி, பெங்களூரு கழகத்தவரைப் பற்றியோ பேசுவாரே இல்லை. அவர்களுக்காக லோசான் வரை நடப்பார் எவர்?

இன்டர் காசியாரின் மகிழ்ச்சியும் முழுமையாகவில்லை. ஜூலை 18-ஆம் நாள் அவர்கள் மேற்படிக்கு ஏறும் உரிமையைப் பெற்றனர். அதற்கு ஒரு வாரம் முன்னரே, ஜூலை 11-ஆம் நாள், அம்மேற்படியாகிய இந்தியன் சூப்பர் லீக்கின் அடுத்த பருவம், சம்மேளனத்திற்கும் அதனை நடத்திய நிறுவனத்திற்கும் இடையிலான உடன்படிக்கை முடியுந்தறுவாயிலிருந்தமையால், தொடங்கும் நாள் தெரியாது நிறுத்தி வைக்கப்பட்டது. 103 நாட்கள் கதவைத் தட்டியவர்க்குக் கதவு திறந்தபோது, உள்ளே விளக்கு அணைந்திருந்தது. 2026-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில்தான் அப்பருவம் 14 கழகங்களோடு, ஒருவரோடொருவர் ஒரே முறை மோதுமாறு சுருக்கப்பட்டுத் தொடங்கிற்று. அப்பதினால்வருள் இன்டர் காசியும் ஒன்று.